கடைமடைக்கும் இணையம் எட்ட: வீட்டு இணையக் கருவிகளை அறியும் முறை

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் இன்னும் நிற்கும் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இணைய இணைப்புக் கொடுக்க வருகிறவர் தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, முன்வாசல் நிலைக்கு மேலே ஒரு துளை போட்டு, தார்சாச் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு ஒயரும் மிச்சம், நேரமும் மிச்சம். மூன்று சுவர்களுக்குப் பின்னால் அடுக்களையில் இருக்கும் கைபேசியிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புகார் கொடுத்தால், வருகிறவர் தார்சாவில் நின்று தம் கைபேசியில் வேகத்தை அளந்து காட்டி, “லைன் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொல்வதும் உண்மை. அடுக்களையில் இருப்பவர் சொல்வதும் உண்மை.

சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடும் நாளிலும் கடைமடை வயல் காய்வதுண்டு. அப்போது அணையைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல், கால்வாயின் கரையோடு நடந்து எந்த மடை அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் விவசாயியின் வழக்கம். வீட்டு இணையத்துக்கும் அந்த நடை தேவைப்படுகிறது. தெருக் கம்பத்தில் தொடங்கி அடுக்களை வரைக்கும் நடுவில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதைச் செய்கிறது, பழுது அதில்தான் என்று எப்படிக் கண்டுகொள்வது என்பவற்றை அதே வரிசையில் பார்ப்போம்.

பெட்டி ஒன்று, வேலை நான்கு

வீடுகளில் ‘மோடம்’ என்ற ஒரே பெயரால் அழைக்கப்படும் பெட்டிக்குள் உண்மையில் நான்கு கருவிகள் குடியிருக்கின்றன. தெருவிலிருந்து கண்ணாடி இழை வழியாக வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது முதலாவது, இதை ஓ.என்.டி. அல்லது ஓ.என்.யூ. என்று சொல்வார்கள். வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரி கொடுத்து, உள்ளே வருவது எதற்கு உரியது என்று பிரித்து அனுப்புவது இரண்டாவது. ரவுட்டர் என்ற பெயர் முறைப்படி இதற்கே உரியது. பின்புறத்தில் வரிசையாக இருக்கும், வீட்டுக் கருவிகளின் ஒயரைச் செருகும் லேன் துளைகளை ஒன்றோடொன்று இணைத்து வைத்திருப்பது மூன்றாவதான ஸ்விட்ச். கம்பி இல்லாமல் ரேடியோ அலையாக அனுப்புவது நான்காவது. அதன் பெயர் ஆக்சஸ் பாயின்ட். அலுவலகங்களில் இவை நான்கும் தனித்தனிப் பெட்டிகளாகவே இருக்கும். வீட்டுக்கு விலையும் இடமும் கருதி ஒன்றாக அடைத்துக் கொடுக்கிறார்கள்.

மோடம் என்ற பெயர் தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தின் மிச்சம். இந்திய அரசின் 2004ஆம் ஆண்டு அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது அகலக்கற்றை என்று வரையறுத்தது; அந்தக் குறைந்தபட்ச அளவு இடையில் 512 கிலோபிட்டாகி, 2023இல்தான் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கடைக்குப் போய் “இன்னொரு மோடம் குடுங்க” என்று கேட்கும்போது, நான்கில் எது குறைகிறது என்று தெரியாமல் கேட்டால், தேவையில்லாத மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வருவோம்.

தெருவிலிருந்து வரும் இழை

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்பு ஒயரின் உள்ளே முடியளவே உள்ள ஒரு கண்ணாடி இழை இருக்கிறது. அதன் வெளி விட்டம் 125 மைக்ரான். ஒளி செல்லும் நடுப்பகுதியோ சுமார் 9 மைக்ரான் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒயரை விறைப்பாக வைத்திருப்பதற்காக இழையின் இரு பக்கமும் ஓடும் எஃகு அல்லது நார்க் கம்பிகள்தான் கைக்குத் தட்டுப்படும்; அவற்றில் இணையம் எதுவும் வருவதில்லை.

சேவை தருகிறவரின் இணைப்பகத்திலிருந்து புறப்படும் ஓர் இழையை ஸ்ப்ளிட்டர் என்ற சிறு கருவி பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. தண்ணீரைப் பிரிப்பதுபோலவே ஒளியையும் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு கிளையிலும் அளவு குறையும். இரண்டாகப் பிரித்தால் சரிபாதி. அளவைக் கணக்கில் அது 3 டெசிபல் இழப்பு. எட்டாகப் பிரித்தால் சுமார் 10, முப்பத்திரண்டாகப் பிரித்தால் சுமார் 17 டெசிபல் போய்விடும். நம் நாட்டில் வீடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் ஓர் இழையில் கீழ்நோக்கி நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் வருகிறது. அதை 64 வீடுகள் வரைக்கும் பகிர்ந்துகொள்ளலாம். எல்லாரும் படம் பார்க்கும் இரவு நேரத்தில் மட்டும் வேகம் குறைந்து, விடியற்காலையில் சரியாகிவிடுகிறது என்றால், வீட்டுக்குள் எதையும் மாற்றிப் பயனில்லை. பங்கீடு மேலே நெருக்கமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

வீட்டை வந்தடையும் ஒளியின் அளவைப் பவர் மீட்டர் கொண்டு அளந்து, டிபிஎம் என்ற அலகில், எப்போதும் கழித்தல் குறியோடு சொல்வார்கள். கழித்தலுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைகிறது என்று பொருள். –15 முதல் –25 வரை இருந்தால் கவலையில்லை. –27ஐத் தாண்டினால் பெரும்பாலான பெட்டிகள் தடுமாறும். மழை பெய்தால் போகும், காற்றடித்தால் வரும். மாறாக –8ஐவிட வலுவாக வந்தாலும் பெட்டிக்குக் கண் கூசும். ஆனால் அது அரிது. பழுது பார்க்க வருகிறவரிடம் “லைன் எப்படி இருக்கு” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். “தம்பி, பவர் எவ்வளவு காட்டுது?” என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இணைப்புக் கொடுத்த அன்று –19 இருந்தது இன்று –26 என்றால், நடுவில் எங்கோ இழை மடங்கியிருக்கிறது, அல்லது ஒரு சந்தி கெட்டிருக்கிறது. மீட்டர் இல்லாமலும், கணினி உலாவியில் திறக்கும் பல பெட்டிகளின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு என்ற தலைப்பில் இதே எண்ணைப் பார்க்கலாம்.

பெட்டியின் முகப்பில் இரண்டு விளக்குகளை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் பாதிப் புகார்கள் தீரும். எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வரப்போவதில்லை. பான் என்று எழுதிய விளக்கு நிலையாக எரிந்தால் ஒளியும் வருகிறது, இணைப்பகமும் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டது. சிவப்பு இல்லாமல் பான் விளக்கு மட்டும் விடாமல் மின்னிக்கொண்டிருந்தால், ஒளி வந்தும் இணைப்பகம் பெட்டியை ஏற்கவில்லை. அதைச் சேவை தருகிறவர்தான் தீர்க்க முடியும்.

இழையை வீட்டுக்குள் கொண்டுவரும்போது கூர்மையாக மடக்கக் கூடாது. இப்போது வரும் இழைகள் முன்பிருந்தவற்றைவிட வளைவைத் தாங்கும் என்றாலும், ஒரு தேநீர்க் குவளையின் சுற்றளவுக்குக் குறைவாக வளைக்காமல் இருப்பது நல்லது. சுவர் மூலையில் ஆணி அடித்து இறுக்குவதும், கதவிடுக்கில் நசுங்க விடுவதும் ஒளியைக் கசிய விடும் வழிகள். பெட்டியில் செருகும் முனை பல வீடுகளில் பச்சை நிறத்தில் இருக்கும். அதன் கண்ணாடி முகம் 8 பாகை சாய்த்துத் தேய்க்கப்பட்டது. நீல முனையின் முகம் அவ்வாறு சாய்ந்ததன்று. அதைப் பச்சைத் துளையில் செருகினால் பொருந்தியதுபோல் தெரியும், ஒளி மட்டும் வீணாகும். கழற்றிய முனையை விரலால் தொடக் கூடாது. கை எண்ணெயும் தூசியும் 9 மைக்ரான் வாசலை மறைக்கப் போதுமானவை. ஒளி வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது. தெரியாததால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து வீடுகளுக்கு ஒரு கூடுதல் சொல். அங்கே ஒயரின் பெரும் பகைவர் குரங்குகள்தாம். ஒயரைத் தொங்கலாக விடாமல் சுவரோடு ஒட்டிக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுவருவது, மாதம் ஒருமுறை ஆள் கூப்பிடும் செலவைவிடக் குறைவு.

ரவுட்டர்: வளவு வீட்டின் வாசல்

ரவுட்டரின் வேலையைப் புரிந்துகொள்ள நெல்லையின் வளவு வீடுகளே போதும். தெருவைப் பார்த்து ஒரே வாசல், நகராட்சி கொடுத்த ஒரே கதவெண். உள்ளே நுழைந்தால் எட்டுப் பத்துக் குடும்பங்கள். வெளியூரிலிருந்து வரும் கடிதம் கதவெண்ணோடு வாசல் வரைக்கும் வரும். உள்ளே எந்த வீட்டுக்கு என்று வளவில் இருப்பவர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். இணையத்தில் உங்கள் வீட்டுக்கும் அவ்வாறே வெளி முகவரி ஒன்றுதான். கைபேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி, கேமரா ஆகியவற்றுக்கு ரவுட்டர் தானே உள் முகவரிகளைக் கொடுக்கிறது. 192.168 என்று தொடங்குபவை பெரும்பாலும் இந்த உள் முகவரிகள். உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் இருக்கின்றன, வளவுக்குள் இருப்பதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. கைபேசி ஒரு படத்தைக் கேட்டால், கேட்டது யார் என்பதை ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அதற்கே கொடுக்கிறது. முகவரி கொடுக்கும் வேலைக்கு டி.எச்.சி.பி. என்றும், குறித்து வைத்து மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு நாட் என்றும் பெயர். இவற்றில் முதல் சொல் பின்னால் தேவைப்படும்.

வளவுக்குள் இன்னொரு வளவு இருந்தால் என்ன ஆகும்? அதுவே இன்று பல வீடுகளின் நிலை. பழைய முறையிலான இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடிதான். உலகத்துக்கு அவை போதவில்லை. ஆகவே சேவை தருகிறவர்கள் பலர், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், நீங்கள் அப்படியொரு பெருவளவுக்குள் இருக்கிறீர்கள். படம் பார்க்க, பேச, பணம் அனுப்ப இதனால் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக் கேமராவை வளைகுடாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ நேராகத் திறந்து பார்க்க முயல்கிறவர்களுக்கு மட்டும் வாசல் கிடைக்காது. அவர்கள் கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கலாம். அல்லது கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி கேட்கலாம். பழைய முறை முகவரியில், ரவுட்டரைத் தலைகீழாக நிறுத்தி அமைப்பை மாற்றினாலும் அந்த நேர்வாசல் திறக்காது.

லேன் ஒயரும் ஸ்விட்சும்

ஸ்விட்சைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெட்டியில் உள்ள துளைகள் போதாவிட்டால் ஐந்து துளை ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, ஒரு துளையைப் பெட்டியோடு இணைத்தால், மீதி நான்கும் உடனே வேலை செய்யும். அமைப்பு எதுவும் தேவையில்லை. வாங்கும்போது கிகாபிட் ஸ்விட்ச்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒயரில்தான் விஷயம் இருக்கிறது. லேன் ஒயருக்குள் முறுக்கிய நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள் உள்ளன. நொடிக்கு 100 மெகாபிட் செல்ல இரண்டு இணைகள் போதும். அதற்கு மேல் கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். 100க்கு வேண்டாத நீல, பழுப்பு இணைகளில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோவதில்லை. ஓசையில்லாமல் 100க்கு இறங்கிவிடுகிறது. என் மதினி வீட்டில் 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு ஐந்து மாதம் 94க்கு மேல் காணாமல் இருந்தோம். கம்பம் மாற்றினார்கள், பெட்டியையும் மாற்றினார்கள். கடைசியில் மச்சுக்குப் போகும் ஒயரை எலி கடித்து, பழுப்புக் கம்பி ஒன்று மட்டும் துண்டாகியிருந்தது தெரிந்தது. வேகம் எப்போது அளந்தாலும் 92 முதல் 95க்குள் நின்றுவிடுகிறது என்றால், சந்தேகம் முதலில் ஒயரின் மேலும் 100 மெகாபிட் துளைகளின் மேலும் போக வேண்டும்.

வாங்கும்போது கேட் 5ஈ அல்லது கேட் 6 என்று ஒயரின் மேல் அச்சிட்டிருக்கும் வகை வீட்டுக்குப் போதும். இரண்டுமே 100 மீட்டர் வரை கிகாபிட் கொண்டு செல்லும். ஆனால் உள்ளே முழுச் செம்புதானா என்று கேட்க வேண்டும். அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சுக் கொடுத்த ஒயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை எளிதில் ஒடியும், நீளம் கூடினால் தடுமாறும், ஒயர் வழியாகவே மின்சாரம் பெறும் கேமராக்களுக்குச் சற்றும் ஏற்றவையல்ல. ஒயரின் முனையில் பிளக்கைத் தாமே இறுக்கிப் பொருத்துகிறவர்களுக்கு (கிரிம்ப் செய்வது என்பார்கள்) வண்ண வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை இருக்க வேண்டும்.

வைஃபை: சுவர்கள் கேட்கும் வரி

இனி அடுக்களைக்கு வருவோம். பெட்டியிலிருந்து வைஃபை இரண்டு அலைவரிசைகளில் கிளம்புகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு, நெரிசல் மிகுதி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். பட்டாசலில் 5, புறவாசலில் 2.4 என்று கைபேசி தானே மாறிக்கொள்ளும்படி இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது பெரும்பாலும் வசதி. சில பழைய தொலைக்காட்சிகளும் விலை குறைந்த கேமராக்களும் 2.4ஐ மட்டுமே அறியும். அவை இணைய மறுத்தால் மட்டும் பெயரைப் பிரித்து வைக்கலாம்.

சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய சுவர்கள் ஒன்றரை அடி, இரண்டு அடிக் கனத்துக்கும் இருக்கும். வெயிலைத் தடுக்கும் அதே கனம் அலையையும் தடுக்கிறது. புது வீடுகளில் சுவர் மெலிது. ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் மேல்மாடிக்குப் போகும் அலையைத் தின்றுவிடும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை வழியில் நின்றால் அவற்றுக்குப் பின்னால் நிழல் விழும். அரங்கு வீட்டில் பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு வைஃபை வரவில்லை என்பது, மதகுக்குக் கீழே மண்ணைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்பதற்குச் சமம்.

அலையின் வலுவை அளக்க இலவசச் செயலிகள் உண்டு. அதிலும் அளவு டிபிஎம் கணக்கில், கழித்தல் குறியோடுதான் வரும். ஒளிக்குச் சொன்ன வாசிப்பே இதற்கும் பொருந்தும், எண்களின் எல்லை மட்டும் வேறு. பெட்டிக்கு அருகே –40 அல்லது –50 காட்டும். –67 வரைக்கும் காணொலி அழைப்புத் தடையில்லாமல் நடக்கும். –75இல் தடுமாறும், –80க்குக் கீழே கோடுகள் தெரிந்தாலும் வேலை நடக்காது. செயலியைத் திறந்துகொண்டு தார்சாவிலிருந்து புறவாசல் வரைக்கும் ஒருமுறை நடந்து, ஒவ்வோர் அறையிலும் எண்ணைக் குறித்துக்கொண்டால், மடை எங்கே அடைபட்டது என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

அதே செயலி அயலார் வைஃபைகளையும் காட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் எனப்படும் தடங்களில் 1, 6, 11 ஆகிய மூன்றே ஒன்றன்மேல் ஒன்று படாதவை. பத்துக் குடும்பங்கள் உள்ள வளவில் பத்துப் பெட்டிகளும் இந்த மூன்றுக்குள்தான் இடித்துக்கொள்ள வேண்டும். மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைப்பது முறை. 40 வைத்தால் வேகம் கூடும் என்பது தனி வீட்டுக்குச் சரி. வளவில் அது அண்டை வீட்டு வாசலிலும் சேர்த்துக் கோலம் போடுவதுபோல ஆகும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் எட்டாத இடம் இருந்தால் என்ன செய்வது? புதிதாக இணைப்பு வாங்குகிறவர்களுக்கு விடை எளிது: துளை போடுவதற்கு முன்பே, இழையை வீட்டின் நடுக்கட்டு வரைக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து மீட்டர் இழை பெரிய செலவில்லை. அந்தத் தூரத்தில் ஒளியும் கணக்கில் கொள்ளும் அளவுக்குக் குறையாது. பெட்டி ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். அழகு கருதி ஷோகேஸ் கதவுக்குப் பின்னால் வைப்பதும், பூத்துணி போர்த்துவதும் அலைக்கும் ஆகாது, சித்திரை வெயிலில் பெட்டிக்கும் ஆகாது.

ஏற்கெனவே முன்னால் மாட்டியிருந்தால் கடைக்காரர் முதலில் காட்டுவது ரிப்பீட்டர் என்ற, சுவர்ப் பிளக்கில் செருகும் சிறு பெட்டியை. அது வரும் அலையைப் பிடித்துத் திரும்ப அனுப்புகிறது. கேட்பதும் பேசுவதும் ஒரே அலைவரிசையில் நடப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். இன்னொரு பிழை, அலை வராத அடுக்களையிலேயே அதைச் செருகுவது; வராத இடத்தில் அது எதைப் பிடிக்கும்? பாதி வழியில், –65 அளவு காட்டும் இடத்தில் செருக வேண்டும். மெஷ் என்று விற்கப்படும் இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட தொகுதி இதைவிடத் திறமானது, விலையும் அதற்கேற்றபடி. ஆனாலும் இரண்டடிச் சுவர்கள் உள்ள நம் வீடுகளுக்கு, மெஷ் பெட்டிகளையும் ஒயரால் இணைத்தால்தான் அவை முழுப் பலன் தரும். சுவரைத் துளைக்க அலையை நம்புவதைவிட, ஒருநாள் துரப்பணத்தை நம்பி லேன் ஒயரைப் பட்டாசல் வரைக்கும் இழுத்துவிடுவதே மேல் என்பது என் தீர்ப்பு.

அவ்வாறு ஒயர் இழுத்தவர்கள், அதன் மறுமுனையில் வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயின்டாக மாற்றிக்கொள்ளலாம். முதலில் பழைய ரவுட்டரை மட்டும் மடிக்கணினியோடு ஒயரால் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். முகவரி பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். ஆக்சஸ் பாயின்ட் நிலை என்று தனியே இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். இல்லையென்றால், தலைமைப் பெட்டியின் முகவரி 192.168.1.1 எனில் இதற்கு 192.168.1.2 என்று மாற்ற வேண்டும். அடுத்து இதன் டி.எச்.சி.பி.யை அணைக்க வேண்டும். வளவில் வீட்டெண் கொடுக்க இருவர் இருந்தால் ஒரே எண் இரண்டு வீட்டுக்குப் போய்விடும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் தலைமைப் பெட்டியில் உள்ளவாறே வைத்து, சேனலை மட்டும் வேறாக வைக்க வேண்டும். கடைசியாக, வரும் ஒயரை, வெளி இணைப்புக்கென வான் என்று எழுதிய, நிறம் வேறுபட்ட துளையில் செருகாமல், லேன் துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். அமைப்பு எதையும் மாற்றாமல் வான் துளையில் செருகினாலும் இணையம் வரலாம். ஆனால் வளவுக்குள் வளவாகி, பின்கட்டுக் கைபேசியிலிருந்து முன்கட்டு அச்சுப்பொறியைக் காண முடியாமல் போகும்.

பழுது எங்கே என்று காணும் வரிசை

இணையம் மெதுவாக இருக்கும்போது கைபேசியில் வேகம் அளந்து முடிவு கட்டுவது, எல்லா மடைகளையும் சேர்த்து ஒரே முறை பார்ப்பதாகும். முதலில் விளக்குகளைப் பாருங்கள். அவை சரியென்றால், மடிக்கணினியை ஒயரால் நேராகத் தலைமைப் பெட்டியில் இணைத்து, மற்றக் கருவிகளை அணைத்துவிட்டு அளவெடுங்கள். அங்கேயே வேகம் குறைந்தால் புகாருக்கு உரியவர் சேவை தருகிறவர். அங்கே முழு வேகம் இருந்தால், அடுத்துப் பெட்டியின் அருகே நின்று வைஃபையில் அளக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டாகப் பின்னால் போக வேண்டும். எந்த இடத்தில் எண் சட்டென்று சரிகிறதோ அதற்கு முந்தைய சுவரோ ஒயரோதான் காரணம். ஒரே ஒரு கைபேசியில் மட்டும் மெதுவாக இருந்தால், பெட்டியை விட்டுவிட்டு அந்தக் கைபேசியைப் பாருங்கள்.

அளவில் ஒரு குழப்பமும் உண்டு. திட்டங்கள் மெகாபிட்டில் விற்கப்படுகின்றன. இறக்கிக்கொள்ளும் கோப்பின் வேகத்தைக் கணினி மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டுப் பிட் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் திட்டத்தில் நொடிக்குச் சுமார் 12 மெகாபைட் இறங்கினால் ஏமாற்று எதுவும் நடக்கவில்லை.

மின்சாரம், இடி, வெள்ளம்

பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும். தேவையான ஆம்பியர் அதன் அடியில் எழுதியிருக்கும். அடாப்டர் கெட்டால் வோல்ட் அதே அளவாகவும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாகவும், பின்னின் அளவும் துருவமும் பொருந்துவதாகவும் பார்த்து வாங்க வேண்டும். காரணமில்லாமல் பெட்டி அடிக்கடி தானே அணைந்து எழுந்தால், பெட்டியை மாற்றுவதற்கு முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். மின்வெட்டுக்கு, பெட்டிக்கென்றே விற்கும் சிறு 12 வோல்ட் யு.பி.எஸ். பயன்படும்; வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், அது மாறும் இமைப்பொழுதில் பெட்டி அணைந்து எழ ஒன்றிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வதை இது தவிர்க்கும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது என்பது உண்மை. ஆனால் மின்பிளக் வழியாக வரும். மொட்டைமாடிக் கேமராவுக்கோ அடுத்த கட்டடத்துக்கோ போகும் லேன் ஒயர் வழியாகவும் வரும். இடி முழங்கத் தொடங்கும் முன்பே பிளக்கையும் வெளியே போகும் லேன் ஒயரையும் கழற்றி வைப்பது பாதுகாப்பு. இரண்டு கட்டடங்களை நிலையாக இணைக்க வேண்டியிருந்தால் செம்புக்குப் பதிலாக இழையையே போட்டு, இரு முனையிலும் ஒளியை மின் சமிக்ஞையாகவும் மின் சமிக்ஞையை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வர்ட்டர் வைக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் வெள்ளம் புகுந்த வீடுகளைக் கண்டவர்களுக்கு, பெட்டியையும் யு.பி.எஸ்.ஸையும் தரையோரப் பிளக்கில் வைக்க மனம் வராது.

கடவுச்சொல்லும் ஒரு தாளும்

வைஃபை கடவுச்சொல் வேறு, பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல் வேறு. முதலாவதைப் பலரும் மாற்றுகிறார்கள். இரண்டாவது தொழிற்சாலையில் வைத்த வழக்கமான சொல்லாகவே கிடக்கிறது. வைஃபைக்குள் வந்துவிட்ட யாரும் அதைக் கொண்டு பெட்டியையே கைப்பற்றலாம். இரண்டையும் மாற்ற வேண்டும். பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்து வைப்பது நல்லது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் கேமராக்களுக்கும் விருந்தினர் வைஃபை என்ற தனி வழியைத் திறந்துவிட்டால், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் கேட்கும்போது முகம் சுளிக்காமல் கடவுச்சொல்லைச் சொல்லலாம்.

ஒரு தாளில் இவற்றை எழுதி பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்: வாடிக்கையாளர் எண், இணைப்புக் கொடுத்த நாளில் இருந்த ஒளி அளவு, ஒயரில் அளந்த வேகம், அடாப்டரின் வோல்ட்டும் ஆம்பியரும், அமைப்புப் பக்கத்தின் முகவரி. அடுத்த முறை ஆள் வந்து தார்சாவிலேயே நின்றுகொண்டு லைன் சரியாக இருக்கிறது என்று சொன்னால், அந்தத் தாளோடு அவரை அடுக்களை வரைக்கும் அழைத்துக்கொண்டு போகலாம்.